திங்கட்கிழமை அனுப்பிய சரக்கு

"திங்கட்கிழமை அனுப்பிய சரக்கு வந்துசேரும்."

ஒரு மொத்த வியாபாரி கடைக்காரருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் என்ன புரிந்துகொள்வார்? சரக்கு கிளம்பியது திங்கட்கிழமையா, வந்துசேரப் போவது திங்கட்கிழமையா? இலக்கணப்படி ரெண்டுமே சரி. முதல் வாசிப்பில் சரக்கு என்றைக்கு வரும் என்கிற தகவலே இல்லை. இரண்டாவதில் அந்தத் தகவல் மட்டும்தான் இருக்கிறது. லாரியிலிருந்து இறக்க ஆள் சொல்லிவைக்க வேண்டும், கடையில் இடம் ஒழிக்க வேண்டும், காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். எல்லாமே இந்த நாலு சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

போனில் பேசியிருந்தால் சிக்கல் வந்திருக்காது. வரும் நாளைச் சொல்கிறவர் 'திங்கட்கிழமை' என்றதும் குரலைச் சற்று நிறுத்துவார். அனுப்பிய நாளைச் சொல்கிறவர் 'திங்கட்கிழமை அனுப்பின' என்று ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வார். எழுத்தில் அந்தக் குரல் இல்லை. அதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது ஒரு காற்புள்ளி:

"திங்கட்கிழமை, அனுப்பிய சரக்கு வந்துசேரும்."

இப்போது திங்கட்கிழமை 'வந்துசேரும்' என்பதோடு போய்ச் சேர்ந்துகொண்டது. நிறுத்தக்குறிகளை நாம் பெரும்பாலும் கட்டுரைக்கு அழகு சேர்ப்பவை, பரீட்சையில் ரெண்டு மார்க் தருபவை என்றுதான் நினைக்கிறோம். அலுவலகக் கடிதத்திலும் வாட்ஸப் செய்தியிலும் அவை செய்கிற வேலை வேறு. அந்த வேலையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

குறிகளுக்குத் தமிழில் வைத்திருக்கும் பெயர்கள் ரொம்ப அழகு: காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. கால், அரை, முக்கால், முழுசு. அளவை வைத்துப் பெயர் வைத்ததாலேயே இவை மூச்சு விடும் அளவுகள் என்று மனதில் பதிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்கும்போது அது உதவியாகத்தான் இருக்கும். எழுதும்போது அதே எண்ணம் காலை வாரிவிடுகிறது. மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் காற்புள்ளி போட்டால், "மேலாளர், நேற்று, அலுவலகத்துக்கு வந்து, கோப்புகளைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, போனார்" என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். ஐந்து காற்புள்ளிகளில் ஒன்றுகூட எதையும் தெளிவாக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் பொருள் அப்படியே இருக்கிறது.

ஆங்கிலத்தில் காற்புள்ளிக்குப் பெயர் 'கமா'. அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'வெட்டிய துண்டு' என்று பொருள். என்னைக் கேட்டால் மூச்சைவிட இந்த வெட்டுதான் தமிழுக்குப் பொருத்தமான வழிகாட்டி.

ஏன் என்று பார்ப்போம். தமிழ் வாக்கியத்தில் முக்கியமான வினை கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் வரும் சொற்கள் எல்லாம், பின்னால் வரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டியபடி நிற்கின்றன. 'வந்து', 'பார்த்து' போன்ற வினையெச்சங்கள் ஒரு வினையைத் தேடுகின்றன. 'வந்த', 'புதிய' போன்றவை ஒரு பெயரைத் தேடுகின்றன. 'நேற்று', 'கடையில்' போன்றவையும் வினையைத்தான் தேடுகின்றன. படிக்கிறவர் என்ன செய்வார்? பக்கத்தில் எது இருக்கிறதோ அதோடு கோத்துக்கொண்டே போவார். பத்துக்கு ஒன்பது முறை அதுதான் சரியாகவும் இருக்கும். அங்கெல்லாம் குறி எதற்கு? பக்கத்தில் இருப்பதை விட்டுத் தாண்டிப் போய்ப் பிடிக்க வேண்டிய இடத்தில்தான் எழுதுகிறவர் ஒரு வெட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

"பில் போட்டு வாங்கிய பொருட்களைத் திருப்பி அனுப்பவும்." பில்லோடு வாங்கிய பொருட்களை மட்டும் திருப்பி அனுப்பச் சொல்கிறாரா, திருப்பி அனுப்புவதற்கு ஒரு பில் போடச் சொல்கிறாரா? இரண்டாவதுதான் என்றால் "பில் போட்டு, வாங்கிய பொருட்களைத் திருப்பி அனுப்பவும்." அதேபோல 'புதிய அலுவலக உதவியாளர்' என்றால் புதுசு எது, அலுவலகமா ஆளா? 'புதிய, அலுவலக உதவியாளர்' என்று வெட்டினால் ஆள். 'அலுவலகப் புதிய உதவியாளர்' என்று மாற்றி எழுதும் வழியும் இருக்கிறது, ஆனால் காதுக்கு நன்றாக இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் தமிழுக்கே உரியது. வல்லினம் மிகுதல் என்று ஒற்றுப் போடுகிறோமே, அது காற்புள்ளிக்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. ஒற்று ஒட்டுகிறது, காற்புள்ளி வெட்டுகிறது. "அவர் சொல்லிக் கொடுத்தார்" என்றால் கற்பித்தார். "அவர் சொல்லி, கொடுத்தார்" என்றால் முதலில் ஏதோ சொன்னார், பிறகு எதையோ கொடுத்தார். "எடுத்துச் சொன்னார்" என்றால் விளக்கினார். "எடுத்து, சொன்னார்" என்றால் கையில் ஒரு பொருளை எடுத்துவிட்டுப் பேசினார். ஆட்டோக்காரர் "பாத்துக் குடுங்க சார்" என்பதற்கும், காசாளர் "பில்லைப் பார்த்து, கொடுங்கள்" என்பதற்கும் உள்ள தூரம் நமக்கு நன்றாகவே தெரியும். முதலாவதில் யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை, மீட்டருக்கு மேல் கொஞ்சம் கொடுக்கப் போகிறோம், அவ்வளவுதான். ஆக ஒரே இடத்தில் ஒற்றும் காற்புள்ளியும் சேர்ந்து வரக் கூடாது. 'பார்த்துக், கொடுங்கள்' என்று எழுதுவது பசை தடவிவிட்டுக் கத்தரிப்பது மாதிரி. ஒற்று எங்கே மிகும் என்று குழம்புகிறவர்களுக்கும் இது ஓரளவு உதவும்: அந்த இடத்தில் நிறுத்திப் படிக்கிறோமா, சேர்த்துப் படிக்கிறோமா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு பழைய மொழியில் இந்தப் பழக்கம் ஏன் இன்னும் ஊறவில்லை? ஓலைச்சுவடிகளில் இந்தக் குறிகள் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் பொதுவாகக் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதினார்கள். எழுத்தாணி அழுத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். (மெய்யின் தலையில் வைக்கும் புள்ளி உயிரொலியை நிறுத்துகிறது. முற்றுப்புள்ளி வாக்கியத்தை நிறுத்துகிறது. ரெண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது ஒரு நல்ல பொருத்தம்.) படிப்பவர்தான் சொற்களைப் பிரித்து, எது எதோடு சேரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்றே இலக்கணத்தில் 'பொருள்கோள்' என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆற்று நீர் போல நேராகப் போகும் பாட்டு, சொற்களை வெவ்வேறு அடிகளிலிருந்து கொண்டுவந்து கூட்ட வேண்டிய பாட்டு என்று நன்னூல் எட்டு வகை சொல்கிறது. சரியாகச் சேர்க்கும் பொறுப்பு படிப்பவருடையது என்பதுதான் அதன் அடிப்படை. உரையாசிரியர் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் அது நடக்கும்.

கணக்குப்பிள்ளைகளுக்கு வேறு வகைக் குறிகள் இருந்தன. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. யூனிகோடில் இவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இவை சொல்லைச் சுருக்கும் குறிகள். வாக்கியத்தை வெட்டும் வேலை இவற்றுக்கு இல்லை.

அந்த வேலை அச்சோடும் உரைநடையோடும் வந்தது. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரப்பியவர் என்று முதலில் சொல்லப்படும் பெயர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருடையது (1822–1879). பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர் அவர். ஆங்கில உரைநடை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை நெருக்கத்தில் பார்த்தவர். பிறகு சைவ நூல்களையும் பாடப் புத்தகங்களையும் தாமே அச்சிட்டபோது அந்தக் குறிகளைத் தமிழுக்குப் பயன்படுத்தினார். குறிகள் அந்நியம் என்று அவர் ஒதுக்கவில்லை. பக்கத்தில் உரையாசிரியர் இல்லாமல் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கும் ஒரு புது வாசகர் அப்போது உருவாகிக்கொண்டிருந்தார், அவருக்கு அவை தேவைப்பட்டன. இன்றைக்கு நம் செய்தியைப் படிக்கிறவரும் அப்படித் தனியாகத்தான் இருக்கிறார்.

சரி, அலுவலகத்துக்கு வருவோம். அங்கே அதிகம் சிக்கல் செய்வது 'என்று' என்ற சொல். ஒருவர் சொன்னது எங்கே முடிகிறது என்று 'என்று' துல்லியமாகக் காட்டிவிடும். எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டாது. பாதி மேற்கோள்குறி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சங்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இப்படி வருகிறது:

"மேலாளர் நான் பணம் கொடுத்ததை மறுக்கவில்லை என்று சொன்னார்."

பணம் கொடுத்த 'நான்' யார்? குறிப்பை எழுதியவரா, மேலாளரா? மேலாளர் பேசிய சொற்களை அப்படியே எழுதியிருந்தால் கொடுத்தவர் மேலாளர். பின்னால் தணிக்கை என்று வரும்போது இந்த ஒரு சொல்லுக்காக ரெண்டு பேர் முகம் பார்க்காமல் போகும் நிலை வரலாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுவதானால் இரட்டை மேற்கோள் கட்டாயம்: மேலாளர், "நான் பணம் கொடுத்ததை மறுக்கவில்லை" என்று சொன்னார். அப்படியே எழுதவில்லை என்றால் 'நான்' என்பதையே எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. "பொருளாளர் செயலாளர் கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று கூறினார்." இதில் 'பொருளாளர்' என்பதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டால் தெளிந்துவிடும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: "பொருளாளர், செயலாளர் கணக்கைச் சரிபார்க்கவில்லை..." இப்போது அது ரெண்டு பேரின் பட்டியல் மாதிரி தெரிகிறது. குறிக்கே இங்கே ரெண்டு முகம். இந்த மாதிரி இடத்தில் காற்புள்ளியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்: "செயலாளர் கணக்கைச் சரிபார்க்கவில்லை என்று பொருளாளர் கூறினார்." சொன்னவரை 'என்று'வுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தால் முடிந்தது.

இதையே ஒப்பந்தங்களுக்கும் சொல்வேன், இன்னும் அழுத்தமாக. ஒரு வேலை நியமனக் கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்?

"ஆறு மாதங்களுக்குள் வேலையை விட்டு நீங்கும் ஊழியர் பெற்ற முன்பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும்."

சேர்ந்து ஆறு மாதத்துக்குள் போகிறவர் மட்டும் திருப்பித் தர வேண்டுமா? இல்லை, எப்போது போனாலும் ஆறு மாத அவகாசத்துக்குள் திருப்பித் தர வேண்டுமா? ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு முதல் வாசிப்பில் பைசா கடன் இல்லை. இரண்டாவதில் முழுத் தொகையும் கடன். "ஆறு மாதங்களுக்குள்," என்று ஒரு காற்புள்ளி இருந்தால் இரண்டாவது பொருள். ஆனால் ஒருத்தருடைய பணம் இவ்வளவு சின்னக் கீற்றில் தொங்கக் கூடாது. தட்டச்சு செய்பவர் விட்டுவிடலாம், நகல் எடுக்கும்போது மங்கிப்போகலாம். "வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் நீங்கும் ஊழியர்" என்றோ, "வேலையை விட்டு நீங்கும் ஊழியர், தாம் பெற்ற முன்பணத்தை ஆறு மாதங்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும்" என்றோ எழுதச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள்.

காற்புள்ளியில் பணம் தொங்கிய நிஜ வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மேய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று அந்த மாநிலச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. உணவுப் பொருளைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று போய், பட்டியலின் கடைசியில் பொட்டலம் கட்டுதலும் விநியோகமும் வந்தன. அவை ரெண்டுக்கும் நடுவே ஆங்கிலத்தில் 'அல்லது' இருந்தது, அதற்கு முன்னால் காற்புள்ளி இல்லை. அது 'அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுதல்' என்ற ஒரே வேலையா, 'அனுப்புவதற்குப் பொட்டலம் கட்டுதல்', 'விநியோகித்தல்' என்ற இரண்டு வேலைகளா? ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொட்டலம் கட்டவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. இதற்கிடையில் சட்டத்தைத் திருத்தி, பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் பிறகு அரைப்புள்ளி போட்டுவிட்டார்கள். நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தட்டாத அரைப்புள்ளிக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது.

தமிழில் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்பதைக் கவனித்தீர்களா? மேலே ரெண்டு பொருளையும் எழுதும்போது 'அனுப்பவோ விநியோகிக்கவோ' என்று ஓகாரம் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு வேலியைக் கட்டிவிட்டது. 'உம்'மும் அப்படித்தான்: அண்ணனும் தம்பியும் அக்காவும். உருபு எதுவும் இல்லாமல் பெயர்களை வெறுமனே அடுக்குவதை இலக்கணத்தில் செவ்வெண் என்பார்கள். அப்படி அடுக்கினால் கடைசியில் ஒரு தொகைச்சொல் வர வேண்டும் என்பது விதி: சேரன், சோழன், பாண்டியன் மூவரும். பட்டியல் எங்கே முடிகிறது என்பதை அந்த 'மூவரும்' சொல்லிவிடுகிறது. கடிதத்தில் "ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றின் நகல்களும்" என்று எழுதிப் பாருங்கள், ஒரு ஆவணம் விட்டுப்போனால் பெறுகிறவருக்கு உடனே தெரியும்.

இந்த வசதியை நாம் 'மற்றும்' என்கிற சொல்லிடம் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தின் பழக்கத்தைப் பார்த்து வந்தது அது. ஓர் உதவித்தொகை அறிவிப்பில் "குடும்ப அட்டை இல்லாத முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிக்கலாம்" என்று இருந்தால், குடும்ப அட்டை வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி விண்ணப்பிக்கலாமா? அந்த 'இல்லாத' யாரோடு நிற்கிறது, யாரிடம் போகவில்லை என்பது தெரியாமல் ஒருவர் வரிசையில் நிற்காமலே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். "மாற்றுத்திறனாளிகளும் குடும்ப அட்டை இல்லாத முதியோரும் விண்ணப்பிக்கலாம்" என்று மாற்றினால் ஒரு குறிகூடத் தேவையில்லை.

கேள்விக்குறிக்கு வருவோம். எழுத்துத் தமிழில் 'ஆ' விகுதியும் 'என்ன', 'எப்போது' போன்ற சொற்களும் கேள்வியைக் காட்டிவிடுவதால் கேள்விக்குறி கொஞ்சம் உபரிதான். அந்தச் சொற்களைப் பார்த்ததுமே கை தானாகக் கேள்விக்குறி போடுவதுதான் பிரச்சினை. "அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை" என்பது கேள்வி இல்லை, ஒரு தகவல். முற்றுப்புள்ளிதான் வர வேண்டும். அலுவலகத்தில் "தொகை எவ்வளவு என்று தெரிவிக்கவும்" என்பதும் அப்படித்தான்.

பேச்சுத் தமிழில் எழுதும்போது கதை மாறிவிடுகிறது. "பணம் அனுப்பிட்டீங்க?" என்று குரலை மட்டும் உயர்த்திக் கேட்கிறோம் இல்லையா, அங்கே கேள்வி முழுவதும் அந்தக் குறியில்தான் இருக்கிறது. குறியை விட்டால் "பணம் அனுப்பிட்டீங்க" என்று ரசீது கொடுத்தது போல ஆகிவிடும். பணம் போகாமலே விஷயம் முடிந்துவிட்டதாக இரு பக்கமும் நினைத்துக்கொள்வார்கள். வாட்ஸப்பில் நாம் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பேச்சுத் தமிழ் என்பதால், அங்கேதான் குறிகள் அதிகம் தேவைப்படுகின்றன. அங்கேதான் நாம் அவற்றை அதிகம் விட்டுவிடுகிறோம்.

விளிப்பதற்குப் பிறகு வரும் காற்புள்ளியும் அந்த ரகம். "குமார் சார் வரல." குமார் சார் வரவில்லையா? இல்லை, குமார் என்கிற ஆளிடம், சார் வரவில்லை என்று சொல்கிறாரா? "குமார், சார் வரல" என்று ஒரு வெட்டுப் போட்டால் போதும். "அம்மா சாப்பிட்டாச்சா?" என்று மகள் அனுப்பினால் அப்பாவிடம் அம்மாவைப் பற்றி விசாரிக்கிறாளா, அம்மாவையே கேட்கிறாளா என்பது குடும்பக் குழுவில் உடனே தெரியாது. பதில் யார் போடுவது என்று ரெண்டு பேரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

கடைசியாக அந்த ரெட்டைப் புள்ளி. "சரி.. நாளைக்குப் பாக்கலாம்.. பணம் ரெடி.." என்று எல்லா இடத்திலும் ரெண்டு ரெண்டு புள்ளியாக வைத்துக்கொண்டு போகிற பெரியவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அது காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்ந்த ஒரே குறி. பேச்சில் விடும் இடைவெளியை அப்படியே இறக்கிவைக்கிறார்கள். இளையவர்கள் அதை வேறு மாதிரி படிக்கிறார்கள். 'சரி..' என்று வந்தால் பெரியப்பாவுக்கு ஏதோ மனவருத்தம், சொல்லாமல் விழுங்குகிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் பக்கமிருந்து 'சரி.' என்று ஒற்றைப் புள்ளியோடு வந்தால் கோபம் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கு வேறு இருக்கிறது. பெரியப்பாவுக்கு அது தெரியாது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசை இல்லை, வீட்டுக்குள் அவரவர் பழக்கம். ஆனால் 'பணம் ரெடி..' என்பதை வியாபாரத்தில் எழுதினால் எதிராளி மிச்சத்துக்குக் காத்திருப்பார். ரெடி, ஆனால் தர முடியாதா? ரெடி, வந்து வாங்கிக்கொள்ளவா? அங்கே மட்டும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டு, எப்போது வரலாம் என்பதையும் எழுதிவிடலாம்.